விதியை மீறினால் ஆங்கிலத்தில் எந்தச் சொல்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் 'மீறு' என்ற ஒரு சொல்லை வைத்தே காலத்தை ஓட்டிவிடலாம். சட்டத்தை மீறலாம், விதியை மீறலாம், பெரியவர் பேச்சை மீறலாம், அளவு மீறலாம், விஷயம் கை மீறியும் போகலாம். அதே ஆள் ஆங்கிலத்தில் ஒரு புகார்க் கடிதமோ தணிக்கை அறிக்கையோ எழுத உட்கார்ந்தால் பிரேக், வயலேட், பிரீச், கான்ட்ரவீன், இன்ஃப்ரிஞ்ச் என்று வரிசையாகச் சொற்கள் வந்து நிற்கும். அகராதியில் எல்லாவற்றுக்கும் எதிரே 'மீறு' என்றுதான் இருக்கும். குறிப்பாக, நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை அல்லாமல் ஒரு துறையோ வாரியமோ வகுத்த ரெகுலேஷனை மீறியதைச் சொல்ல எது சரி என்ற குழப்பம் அடிக்கடி வருகிறது. அதைச் சுற்றி எழும் கேள்விகள் இவை.

அவசரத்துக்கு ஒரே வரியில் சொல்லுங்கள். ரெகுலேஷனை மீறியதற்கு எந்தச் சொல்?

படிப்பவர் அமெரிக்கர் என்றால் வயலேட். பிரிட்டன், ஆஸ்திரேலியா பக்கம் என்றால் பிரீச். விதி எண்ணைச் சுட்டி எழுதும் அலுவல் கடிதம் என்றால் கான்ட்ரவீன். யார் மேலும் பழி போடாமல் 'கடைப்பிடிக்கப்படவில்லை' என்று மட்டும் சொல்ல வேண்டும் என்றால் நான்-கம்ப்ளையன்ஸ்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக ஒரு வேலை இருக்கிறது. எந்த விதிநூலைப் பற்றி எழுதுகிறீர்களோ அதைத் திறந்து, தண்டம் அல்லது அபராதம் பற்றிய பகுதியைப் படியுங்கள். 'இதை மீறுகிறவர்' என்று சொல்ல அந்த நூலே ஒரு சொல்லை வைத்திருக்கும். அதையே எடுத்துக்கொள்ளுங்கள். நடை அழகுக்காக அதை மாற்றினால் பொருளும் மாறிவிடும் இடங்கள் உண்டு. கீழே ஜிடிபிஆர் என்ற ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ரெகுலேஷன் பற்றிய பதிலில் அப்படி ஒன்று வருகிறது.

ரெகுலேஷனுக்கும் சட்டத்தின் பலம் உண்டுதானே? பிறகு 'பிரேக் த லா' என்று எழுதினால் என்ன தப்பு?

உண்டு. சட்டமன்றம் ஒரு ஆக்ட் இயற்றுகிறது. அந்த ஆக்ட் கொடுத்த அதிகாரத்தில் ஒரு துறை ரெகுலேஷன் வகுக்கிறது. அதனால் ரெகுலேஷனை மீறியவர் சட்டத்தை மீறினார் என்பது தர்க்கப்படி பொய்யில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலோ 'ரெகுலேஷன்' என்பதே உறுப்பு நாடுகளில் நேரடியாகச் செல்லுபடியாகும் சட்டத்தின் பெயர்.

ஆனால் ஆங்கிலம் படிப்பவர் காதில் 'புரோக் த லா' என்பது 'குற்றம் செய்தார்' என்று விழும். போலீஸ், வழக்கு, நீதிமன்றம் எல்லாம் கூடவே வந்துவிடும். மாடிப்படியின் கைப்பிடி விதியில் சொன்ன உயரத்தைவிடச் சற்றுக் குறைவாக இருந்ததற்கு அந்தச் சொற்றொடரைப் போட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்.

மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். விதியை வகுத்தது யார்? மீறினால் தண்டிப்பது யார்? உச்சபட்சத் தண்டனை என்ன? வகுத்தது சட்டமன்றம், தண்டிப்பது நீதிமன்றம், சிறைக்கும் இடமுண்டு என்றால் லா என்ற சொல்லைத் தாராளமாகப் போடலாம். வகுத்தது துறை, தண்டிப்பதும் துறை, தண்டனை அபராதமோ உரிம ரத்தோ என்றால் ரெகுலேஷன் என்றே எழுதுங்கள். வகுத்தது சங்கமோ பள்ளியோ விடுதியோ என்றால் அது வெறும் ரூல். அதற்கு 'புரோக் த ரூல்ஸ்' போதும்.

'உரிமை மீறல்' என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

எந்த உரிமை என்பதைப் பொறுத்தது. இந்தக் கேள்வியிலேயே விஷயத்தின் பாதி அடங்கிவிடும். மனித உரிமை மீறல் என்றால் வயலேஷன். பதிப்புரிமை மீறல் என்றால் இன்ஃப்ரிஞ்ச்மென்ட். சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர் எழுப்பும் உரிமை மீறல் பிரச்சினை என்றால் பிரீச். தமிழில் மூன்றும் ஒரே சொல். ஆங்கிலத்தில் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் படிப்பவர் முகம் சுளிப்பார்.

ஆங்கிலத்தில் வினைச்சொல்லைத் தேர்வது மீறுகிறவரைப் பார்த்து அல்ல, மீறப்படும் பொருளைப் பார்த்து. வாக்குறுதி என்றால் பிரேக். ஒப்பந்தம், நம்பிக்கை, ரகசியம் என்றால் பிரீச். போர்நிறுத்தம், வான்எல்லை, மனித உரிமை என்றால் வயலேட். காப்புரிமை, வணிகச்சின்னம் என்றால் இன்ஃப்ரிஞ்ச். ஆணை, சட்டப்பிரிவு என்றால் கான்ட்ரவீன். ரெகுலேஷன் நடுவில் மாட்டிக்கொண்ட பொருள். பிரீச், வயலேட், கான்ட்ரவீன் மூன்றும் அதற்கு ஒட்டும். குழப்பம் வருவதற்குக் காரணம் இதுதான்.

வயலேட் ரொம்பக் கடுமையாகத் தெரியவில்லையா?

அமெரிக்க ஆங்கிலத்தில் இல்லை. அங்கே பார்க்கிங் சீட்டு, கட்டட விதி, உணவகச் சுகாதாரச் சோதனை எல்லாவற்றிலும் வயலேஷன் அன்றாடச் சொல். பணியிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஓஷா என்ற அமைப்பு தன் நோட்டீஸ்களில் சீரியஸ், அதர்-தேன்-சீரியஸ், வில்ஃபுல், ரிப்பீட் என்று வயலேஷனுக்கு வகை பிரித்தே எழுதுகிறது. மீறியவர் தெரிந்து செய்தாரா என்பதை அந்தச் சொல் தானாகச் சொல்வதில்லை. அதற்குத்தான் 'வில்ஃபுல்' என்ற அடைமொழி.

பிரிட்டிஷ் காதுக்கு அது ஒரு படி சூடாகக் கேட்கும். வேர் லத்தீனில் வன்முறையைக் குறிக்கும் சொல்லோடு உறவுள்ளது. அந்த வாடை இன்னும் போகவில்லை. அதைவிட முக்கியமான எச்சரிக்கை: வயலேட் என்ற வினைக்கு மனிதரைச் செயப்படுபொருளாக வைத்தால் பாலியல் வன்முறை என்று பொருள்படும். 'அவர்கள் எங்களை மீறிவிட்டார்கள்' என்பதை அப்படியே அந்த வினையால் மொழிபெயர்த்துவிடாதீர்கள். வினைக்குப் பின்னால் விதி, உரிமை, உடன்பாடு ஏதாவது ஒன்று கட்டாயம் வர வேண்டும்.

பிரீச் என்பது ஒப்பந்தத்துக்கு மட்டும்தானா?

அதன் சொந்த வீடு அதுதான். அமெரிக்காவிலும் வக்கீல்கள் ஒப்பந்தத்துக்குப் பொதுவாக வயலேட் என்று எழுத மாட்டார்கள். அங்கும் பிரீச்தான். பிரிட்டிஷ் வழக்கில் அது ரெகுலேஷனுக்கும் நன்றாகப் பழகிவிட்டது. 'இன் பிரீச் ஆஃப்' என்ற தொடர் அறிக்கைகளில் சரளமாக வரும்.

பிரேக்கும் பிரீச்சும் ஒரே வேரில் பிறந்தவை. அந்த உறவை வைத்து ஒரு பிழையைத் தவிர்க்கலாம்: பிரேக் என்ற வினைக்கு இந்தப் பொருளில் பெயர்ச்சொல் கிடையாது. 'எ பிரேக் ஆஃப் த ரூல்ஸ்' என்று யாரும் எழுதுவதில்லை. வினையில் பிரேக், பெயரில் பிரீச் அல்லது வயலேஷன் என்று மாற வேண்டும்.

இன்னொரு நுட்பம். 1969-ஆம் ஆண்டு வியன்னாவில் உருவான உடன்படிக்கைகள் பற்றிய மரபொப்பந்தத்தின் 60-ஆவது பிரிவு இரண்டு சொல்லையும் அருகருகே வைத்திருக்கிறது. உடன்படிக்கையின் நோக்கத்துக்கு இன்றியமையாத ஒரு விதியை மீறுவதை வயலேஷன் என்கிறது. அப்படி மீறியதால் உடன்படிக்கைக்கே விழும் பெரிய முறிவை மெட்டீரியல் பிரீச் என்கிறது. செயல் வயலேஷன், அதனால் ஏற்பட்ட விரிசல் பிரீச். எல்லா இடத்திலும் இவ்வளவு கறாராகப் பிரிக்க மாட்டார்கள். ஆனாலும் சொல்லின் சாயல் அப்படித்தான்.

எழுத்துப்பிழைக்கும் ஒரு குறிப்பு: துப்பாக்கியின் பின்பகுதியையும், குழந்தை தலைகீழாக இல்லாமல் காலோ பிட்டமோ முன்னால் வரப் பிறப்பதையும் சொல்லும் சொல் இதே ஓசைதான். அதில் இரண்டு 'ஈ' வரும். விதிமீறலுக்கு 'ஈ'க்கு அடுத்து 'ஏ' வரும்.

ஜிடிபிஆர் விதியை மீறியதை 'பிரீச்' என்று எழுதலாமா?

எழுதாமல் இருப்பது நல்லது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இந்தத் தரவுப் பாதுகாப்பு ரெகுலேஷன் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 4-ஆவது பிரிவு 'பெர்சனல் டேட்டா பிரீச்' என்பதற்குத் தனியாக வரையறை தருகிறது: பாதுகாப்பு உடைந்து தரவு கசிவதோ அழிவதோ தொலைவதோ அது. அப்படி நடந்தால் பொதுவாக 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 33-ஆவது பிரிவு. ரெகுலேஷனின் விதிகளையே மீறுவதற்கு 83-ஆவது பிரிவு வைத்திருக்கும் சொல் இன்ஃப்ரிஞ்ச்மென்ட். 2 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 4 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதுவரை அபராதம் போவது இதற்குத்தான்.

இரண்டும் ஒன்றில்லாமல் ஒன்று நடக்கும். பயனரின் ஒப்புதலைக் கேட்காமல் மின்னஞ்சல் பட்டியலைப் பயன்படுத்தினால் இன்ஃப்ரிஞ்ச்மென்ட் உண்டு, கசிவு எதுவும் இல்லை. அதை அறிக்கையில் 'பிரீச்' என்று எழுதினால், 72 மணி நேரக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டதா என்று படிப்பவர் பதறுவார். விதிநூலின் சொல்லையே எடுங்கள் என்று மேலே சொன்னது இதனால்தான்.

கான்ட்ரவீன் பழைய காலச் சொல் இல்லையா? யார் இன்னும் பயன்படுத்துகிறார்கள்?

பேச்சில் யாரும் இல்லை. விதிநூல்களில் நிறையப் பேர். லத்தீனில் 'எதிராக வருதல்' என்பதுதான் வேர். உடைத்தல், வன்முறை என்ற வாடை எதுவும் அதில் இல்லை. அந்த நிதானம்தான் அதன் பலம்.

சட்டம் எழுதுகிறவர்கள் இதை யோசித்தே தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதற்கு இரண்டு சாட்சி. பிரிட்டனில் 1991-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்துக்குப் பிறகு, பல ஊர்களில் பார்க்கிங் மீறல் குற்றவியல் வரம்பை விட்டு வெளியே வந்தது. அபராதம் விதிப்பது உள்ளாட்சி மன்றத்தின் வேலையானது. இன்று அங்கே வண்டிக் கண்ணாடியில் ஒட்டும் நோட்டீஸில் இருப்பது கான்ட்ரவென்ஷன். இந்தியாவில் 1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் மீறலைக் குற்றமாகப் பார்த்தது. அதன் இடத்தில் வந்த 1999-ஆம் ஆண்டின் மேலாண்மைச் சட்டம் அதைச் சிவில் விஷயமாக்கியது. அதன் 13-ஆவது பிரிவின் சொல் கான்ட்ரவென்ஷன். பெயர் மாறியபோது தண்டனையின் இயல்பும் மாறிவிட்டது.

இன்னொரு வசதி: இந்த வினைக்கு எழுவாயாகப் பொருளையே வைக்கலாம். 'இந்த விளம்பரம் விதியை கான்ட்ரவீன் செய்கிறது' என்று எழுதினால் ஆளைச் சுட்டாமல் காரியம் முடிந்துவிடும். மற்றபடி நண்பருக்கு அனுப்பும் குறுஞ்செய்தியில் இதைப் போட்டால் அரசிதழ் வாடை அடிக்கும்.

இன்ஃப்ரிஞ்ச், இன்ஃப்ராக்‌ஷன் இரண்டும் ஒன்றா?

வேர் ஒன்று, லத்தீனில் 'உடை' என்ற வினை. எலும்பு முறிவைச் சொல்லும் ஃபிராக்சரும் அதே குடும்பம். பயன்பாடு வேறு.

இன்ஃப்ராக்‌ஷன் என்றாலே சின்ன மீறல். அமெரிக்காவில் அது சட்டத்திலேயே ஒரு படிநிலை. கூட்டாட்சிச் சட்டத்தில் 5 நாட்களோ அதற்குக் குறைவோ சிறை, அல்லது சிறையே இல்லை என்பது அதன் வரம்பு. கலிஃபோர்னியாவில் இன்ஃப்ராக்‌ஷனுக்குச் சிறையே கிடையாது. அதனால் 'சீரியஸ் இன்ஃப்ராக்‌ஷன்' என்பது கொஞ்சம் முரண்டு பிடிக்கும் தொடர். 'மைனர்' என்ற அடைமொழிதான் அதோடு இயல்பாக ஒட்டும்.

இன்ஃப்ரிஞ்ச் அமெரிக்க வாசகருக்குக் காப்புரிமை, பதிப்புரிமை வழக்கை நினைவூட்டும். ஐரோப்பிய ஒன்றிய ஆவணங்களிலோ அது பொதுச்சொல். உறுப்பு நாடு ஒன்று ஒன்றியச் சட்டத்தைப் பின்பற்றாவிட்டால் அதன்மேல் ஐரோப்பிய ஆணையம் எடுக்கும் நடவடிக்கைக்கும் அந்தப் பெயர்தான். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் சாலை அபராத நோட்டீஸே 'இன்ஃப்ரிஞ்ச்மென்ட் நோட்டீஸ்'. 'ஆன்' அல்லது 'அப்பான்' சேர்த்தால் பொருள் நகர்ந்து, ஒருவருடைய சுதந்திரத்துக்குள் புகுந்து குறுக்குவது என்றாகும். ரெகுலேஷனுக்கு அந்த ஒட்டு வேண்டாம்.

அஃபென்ஸ், கிரைம், மிஸ்டிமீனர், ஃபெலனி?

கடைசி இரண்டையும் ரெகுலேஷன் பக்கமே கொண்டுவராதீர்கள். அவை குற்றவியல் சட்டத்தில் சிறு குற்றம், பெருங்குற்றம் என்ற வகைப் பெயர்கள். அமெரிக்காவில் உயிரோடு இருக்கின்றன. இங்கிலாந்திலோ 1967-ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டம் அந்தப் பாகுபாட்டையே எடுத்துவிட்டது. கிரைம் என்ற சொல்லும் வேண்டாம். அஃபென்ஸ் மட்டும் நடுநிலையானது. ஒரு ரெகுலேஷனை மீறுவது தண்டனைக்குரியது என்று தாய்ச்சட்டம் சொல்லியிருந்தால் அது அஃபென்ஸ்தான். சொல்லாவிட்டால் இல்லை.

தெரியாமல் நடந்தது, வேண்டுமென்றே செய்தது. இந்த வேறுபாட்டைச் சொல் காட்டுமா?

சில சொற்கள் காட்டும். ஃப்ளௌட் என்றால் தெரிந்தே, எல்லோரும் பார்க்க, விதியை மதிக்காமல் நடப்பது. டிஃபை அதைவிட நேருக்கு நேர். இவற்றை எழுதினால் உள்நோக்கத்தையும் சேர்த்தே குற்றம்சாட்டுகிறீர்கள். கையில் ஆதாரம் வேண்டும். ஃப்ளௌட் எழுத வேண்டிய இடத்தில் ஃப்ளாண்ட் எழுதுவது தாய்மொழிக்காரர்களே செய்யும் தப்பு. ஃப்ளாண்ட் என்றால் பகட்டாகக் காட்டிக்கொள்வது. 'விதிகளை ஃப்ளாண்ட் செய்தார்' என்றால் விதிகளை நகைபோலப் போட்டுக்கொண்டு உலாவினார் என்றாகிவிடும்.

எதிர்முனையில், தெரியாமல் போய் மாட்டிக்கொள்வதற்கு பிரிட்டிஷார் 'ஃபால் ஃபவுல் ஆஃப்' என்பார்கள், அமெரிக்கர் 'ரன் அஃபவுல் ஆஃப்' என்பார்கள். நடுவில் 'பெண்ட் த ரூல்ஸ்' இருக்கிறது. விதியை உடைக்காமல் வளைப்பது. சர்க்கம்வென்ட் என்றால் விதியின் வாசகம் கெடாமல் அதன் நோக்கத்தைச் சுற்றிக்கொண்டு போவது. இது மீறலே அல்ல என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். அதனால் வயலேட்டுக்கு மாற்றுச்சொல்லாக அதை எழுதக் கூடாது.

வழிகாட்டு நெறி, தரநிலை, செயல்முறை. இவற்றையும் வயலேட் செய்யலாமா?

வழிகாட்டு நெறி கட்டாயம் இல்லாதது. கட்டாயம் இல்லாததை எப்படி மீறுவது? 'டிபார்ட் ஃப்ரம்' அல்லது 'நாட் ஃபாலோ' என்று எழுதுங்கள்.

தரநிலைக்குத் தனிச்சொல் உண்டு: நான்-கன்ஃபார்மிட்டி. ஐஎஸ்ஓ 9000 வரையறைப்படி ஒரு தேவை நிறைவேறாமல் போவது அது. சான்றிதழ்த் தணிக்கையில் மேஜர், மைனர் என்று அதைப் பிரிப்பார்கள். அங்கே போய் 'வயலேஷன்' என்று எழுதினால் தணிக்கையாளர் வரம்பு தாண்டிப் பேசுகிறார் என்றாகும். மருத்துவ ஆய்விலும் மருந்துத் தயாரிப்பிலும் வகுத்த முறையிலிருந்து விலகுவது டீவியேஷன்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் சோதனை முடிவில் தரும் 483 என்ற படிவம் இதற்கு நல்ல பாடம். அதில் ஆய்வாளர் எழுதுபவை 'அப்சர்வேஷன்'. மீறல் நடந்தது என்ற இறுதித் தீர்மானம் அல்ல. பிறகு எச்சரிக்கைக் கடிதம் வந்தால்தான் அதில் வயலேஷன் தலைகாட்டும். அந்தப் படிவத்தைப் பெற்ற நிறுவனத்தைப் பற்றி 'விதிகளை மீறியதாக அரசு உறுதி செய்தது' என்று செய்தி எழுதினால் ஒரு படி தாண்டிவிட்டீர்கள்.

விளையாட்டில் எந்தச் சொல்?

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒவ்வொன்று. நினைத்தபடி மாற்ற முடியாது. கூடைப்பந்தில் பந்தைத் தட்டாமல் நடந்தால் வயலேஷன், ஆளை இடித்தால் ஃபவுல். சர்வதேச விதிநூல் இரண்டையும் 'இன்ஃப்ராக்‌ஷன்' என்ற பொதுச்சொல்லை வைத்துத்தான் வரையறுக்கிறது. டென்னிஸில் மட்டையை உடைத்தால் கோட் வயலேஷன், சர்வீஸுக்கு நேரம் கடத்தினால் டைம் வயலேஷன். கோல்ஃபில் பிரீச். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் நடுவர் குழு அறிவிப்பிலும் பிரீச்தான், ஏனென்றால் அங்கே இருப்பவை ரெகுலேஷன்கள். ரக்பியில் இன்ஃப்ரிஞ்ச்மென்ட். சதுரங்கத்தில் தவறான நகர்த்தல் 'இல்லீகல் மூவ்'. அதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை.

ஒரு வேடிக்கை: கிரிக்கெட்டின் 42 விதிகளும் கால்பந்தின் 17 விதிகளும் 'லாஸ்' என்றே பெயர் பெற்றவை. சதுரங்கத்துக்கும் அப்படியே. ஆனாலும் ஆஃப்சைடில் நின்ற வீரர் 'புரோக் த லா' என்று எந்த வர்ணனையாளரும் சொல்ல மாட்டார்.

ஒட்டுச்சொற்களில் அடிக்கடி வரும் தப்புகள் எவை?

வயலேட், பிரீச், கான்ட்ரவீன் மூன்று வினைகளுக்கும் பின்னால் நேராக விதியின் பெயர் வர வேண்டும். தமிழில் 'விதிக்கு எதிராக' என்று நினைத்துக்கொண்டு 'வயலேட் அகெய்ன்ஸ்ட்' என்று எழுதுவது நிறையக் கண்ணில் படுகிறது. தப்பு. பெயர்ச்சொல்லானால் மூன்றுக்கும் 'ஆஃப்'. கம்ப்ளை மட்டும் 'வித்' கேட்கும். 'கம்ப்ளை டு' பிழை. கன்ஃபார்ம், அட்ஹியர் இரண்டும் 'டு' கேட்கும். அபைட் 'பை' கேட்கும். அஃபென்ஸ் ஒரு பிரிவின் 'அண்டர்' வரும், வயலேஷன் அதே பிரிவின் 'ஆஃப்' வரும்.

துணைவினை கமிட். 'டூ எ வயலேஷன்', 'மேக் எ பிரீச்' இரண்டும் காதுக்கு உதைக்கும். நான்-கம்ப்ளையன்ஸை எண்ண முடியாது. 'த்ரீ நான்-கம்ப்ளையன்ஸஸ்' என்று சில அலுவலகங்களில் எழுதுகிறார்கள். 'த்ரீ இன்ஸ்டன்ஸஸ் ஆஃப் நான்-கம்ப்ளையன்ஸ்' என்பதே சுத்தம்.

மீறியவருக்கு நேர்ந்ததைச் சொல்லும்போதும் கவனம். 'சார்ஜ்டு வித்', 'கன்விக்டட்' இரண்டும் குற்ற வழக்குக்கு. ரெகுலேஷனுக்கு 'ஃபைண்டு ஃபார்', 'ஃபவுண்ட் டு பி இன் பிரீச்', அமெரிக்காவில் 'சைட்டட் ஃபார்'.

ஒரு கடிதத்தை எடுத்து முழுக்கச் செய்து காட்ட முடியுமா?

நிலைமை இது: இங்கிலாந்தில் ஒரு கிடங்கு. தீ விபத்து நேரத்தில் வெளியேறும் வழியை அட்டைப்பெட்டிகள் மறித்துக்கொண்டு நிற்கின்றன. பார்த்தவர் கிடங்கு நிர்வாகத்துக்கு எழுத வேண்டும்.

முதல் வரைவு பெரும்பாலும் 'யூ ஹேவ் புரோக்கன் த லா' என்று வரும். ஆளை நேரே சுட்டுகிறது, குற்றம் என்கிறது, எந்த விதி என்று சொல்லவில்லை. மூன்றையும் திருத்த வேண்டும்.

முதலில் விதியைக் கண்டுபிடியுங்கள். இங்கே பொருந்துவது 2005-ஆம் ஆண்டின் தீப்பாதுகாப்பு ஆர்டர். அவசர வழிகள் பற்றியது அதன் 14-ஆவது உட்பிரிவு. உட்பிரிவின் பெயரைச் சரியாக எழுதுவதும் இதில் அடக்கம்: ஆக்ட் என்றால் செக்‌ஷன், ரூல்ஸ் என்றால் ரூல், ரெகுலேஷன்ஸ் என்றால் ரெகுலேஷன், பிரிட்டிஷ் ஆர்டர் என்றால் ஆர்ட்டிக்கிள். 'செக்‌ஷன் 14' என்று எழுதினால் விதியைத் திறந்தே பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும்.

அடுத்து அந்த ஆர்டரின் சொல்லைப் பாருங்கள். 32-ஆவது ஆர்ட்டிக்கிள் 'ஃபெயில் டு கம்ப்ளை' என்ற வாசகத்தை வைத்திருக்கிறது. கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு: கடைப்பிடிக்கத் தவறியதால் தீ பிடித்தால் ஒருவர் உயிரிழக்கவோ கடுங்காயம் அடையவோ கூடிய ஆபத்து உண்டாகியிருந்தால்தான் அது அஃபென்ஸ். அந்த முடிவை எடுப்பது கடிதம் எழுதுபவர் அல்ல. அதனால் அஃபென்ஸ் என்ற சொல்லைக் கடிதத்தில் தொட வேண்டாம்.

கடைசியாக எழுவாயை மாற்றுங்கள். 'யூ' போய் 'த பிளாக்டு எக்ஸிட்' வரட்டும். வினை 'டஸ் நாட் கம்ப்ளை வித் ஆர்ட்டிக்கிள் 14'. நேரில் பார்த்தது உறுதி, விதி பொருந்துமா என்பதில் சந்தேகம் என்றால் 'அப்பியர்ஸ் நாட் டு கம்ப்ளை வித்' என்று இளக்குங்கள். தேதி, நேரம், எந்த வாசல், எத்தனை பெட்டி என்ற விவரம் அதன் கீழே. இப்படி எழுதிய வாக்கியம் மென்மையாகத் தெரியும். ஆனால் பதில் எழுதுபவருக்குத் தப்பிக்க இடம் இருக்காது. 'புரோக்கன் த லா'வுக்கு 'நாங்கள் குற்றம் எதுவும் செய்யவில்லை' என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும்.

அடைமொழிகள் எது எதோடு சேரும்?

ஃப்ளேக்ரன்ட், பிளேட்டன்ட், குரோஸ் எல்லாம் வயலேஷனோடு. டெக்னிக்கல், இன்அட்வர்ட்டன்ட், மெட்டீரியல் எல்லாம் பிரீச்சோடு. மைனர் எதோடும் போகும். 'நடந்ததாகக் கூறப்படும்' என்று பொருள் தரும் 'அலெஜ்டு' என்பதை, முடிவு வராத எந்த விவகாரத்திலும் மறக்காதீர்கள்.

டிரான்ஸ்கிரெஸ் 'மீறு'வுக்கு ரொம்ப நெருக்கமாக இருக்கிறதே?

வேரில் ஆமாம். 'தாண்டி அடி வைத்தல்' என்பதுதான் அதன் லத்தீன் பொருள். நம் 'மீறு'வும் எல்லை கடப்பதுதான். ஆனால் பயன்பாட்டில் அது அறத்தையும் சமயத்தையும் சேர்ந்தது, பாவம் என்ற சாயல் உள்ளது. குப்பைத்தொட்டியைத் தவறான நாளில் வெளியே வைத்ததற்கு டிரான்ஸ்கிரெஷன் என்று எழுதினால் சிரிப்பார்கள்.

மீறியவரை என்ன சொல்லி அழைப்பது?

வயலேட்டர், அஃபெண்டர், ரூல்-பிரேக்கர், லாபிரேக்கர் எல்லாம் உண்டு. 'ரெகுலேஷன்-பிரேக்கர்' கிடையாது. இன்ஃப்ரிஞ்சர் பதிப்புரிமை வழக்குக்கு. பிரீச்சர் என்று எழுதினால் காதில் மதப் பிரசங்கியார் வந்து நிற்பார். டிஃபால்ட்டர் என்பது பெரும்பாலும் பணம் கட்டத் தவறியவர். அலுவல் எழுத்தில் இவை ஒன்றுமே வேண்டாம். 'த ஆப்பரேட்டர்', 'த லைசென்ஸ் ஹோல்டர்' என்று விதியில் உள்ள பெயரையே போடுங்கள்.

தண்டனையைச் சொல்ல 'சாங்க்ஷன்' போடலாமா?

போடலாம், ஆனால் அந்தச் சொல்லுக்கு நேரெதிரான இரண்டு பொருள். அனுமதி அளித்தல் ஒன்று, தண்டித்தல் இன்னொன்று. 'த போர்டு சாங்க்ஷண்டு த பிராக்டிஸ்' என்றால் வாரியம் அந்த வழக்கத்துக்குச் சம்மதித்ததா, தண்டித்ததா? படிப்பவருக்குத் தெரியாது. ஓவர்சைட்டும் அப்படித்தான்: கண்காணிப்பு என்றும் பொருள், கவனக்குறைவு என்றும் பொருள். விதிமீறல் பற்றிய கடிதத்தில் இரண்டுமே பொருந்திவிடும் என்பதுதான் தொல்லை. பெனால்ட்டி, ஃபைன், சூப்பர்விஷன், மிஸ்டேக் என்று எதைச் சொல்ல வருகிறீர்களோ அதையே எழுதுங்கள்.